தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள்: ஐரோப்பாவுக்காகச் சீனாவில் செய்த பீங்கானை அடையாளம் காண முழுமையான வழிகாட்டி

பழைய பீங்கான் தட்டு ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது அதன் முகப்பில் உள்ள படத்தைத்தான். நீல மலை, பாலம், ரோஜாக் கொத்து, ஏதோ ஓர் ஐரோப்பியக் குடும்பத்தின் கேடயச் சின்னம். ஐரோப்பியர் வாங்குவதற்காகச் சீனாவில் செய்த பீங்கானைப் பொறுத்தவரை கடைசியாக நம்ப வேண்டியது அந்தப் படத்தைத்தான். படம் காகிதத்தில் ஏறி ஊர் ஊராகப் போனது. ஐரோப்பாவில் அச்சான படம் தென்சீனத் துறைமுகமான கான்டனில் தட்டில் ஏறியது. அந்தத் தட்டின் படத்தைப் பிறகு பாரிஸில் நகலெடுத்தார்கள். மண் அப்படிப் போகவில்லை. இந்தப் பீங்கானைச் செய்த ஜிங்தெஜென் ஊரின் மண்ணும் அங்குள்ள சூளைப் பழக்கமும் தட்டின் அடியில் விட்டுவைத்த தடயங்களைப் பொய்யாக உண்டாக்குவது கடினம்.

அதனால் இந்த வழிகாட்டி அடியில் தொடங்கி மேலே ஏறுகிறது. வரிசையை மாற்றாதீர்கள். படத்தைப் பார்த்து மனம் ஒரு முடிவைக் கட்டிவிட்டால், பிறகு கண் அந்த முடிவுக்கு ஏற்ற சாட்சியை மட்டுமே தேடும். இங்கே சொல்வதெல்லாம் ஏறக்குறைய 1570 முதல் 1850 வரை செய்யப்பட்ட பொருள்களுக்குப் பொருந்தும்.

எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

நகைக்கடையில் பயன்படுத்தும் 10 மடங்கு லென்ஸ், வெள்ளை ஒளி தரும் எல்இடி டார்ச், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், மில்லிமீட்டர் கோடு உள்ள அளவுகோல். மேஜைமேல் கெட்டியான துண்டு ஒன்றை நான்காக மடித்து விரியுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். கையுறை வேண்டாம், துணிக் கையுறை மெருகின்மேல், அதாவது பீங்கானின் கண்ணாடிப் பூச்சின்மேல், வழுக்கும். கழுவித் துடைத்த வெறுங்கைதான் பாதுகாப்பு.

மூடி உள்ள பாத்திரமானால் முதலில் மூடியைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். எதையும் கைப்பிடியிலோ மூக்கிலோ பிடித்துத் தூக்கக் கூடாது. பழைய ஒட்டு பெரும்பாலும் அந்த இடங்களில்தான் இருக்கும், கையோடு வந்துவிடும்.

தடயங்கள் எப்படி உண்டாயின

செய்முறை தெரியாமல் தடயத்தைப் படிக்க முடியாது. ஜிங்தெஜென் இருப்பது சீனாவின் ஜியாங்ஷி மாநிலத்தில். அங்கே இரண்டு பொருள்களைக் கலந்தார்கள். ஒன்று காவ்லிங் என்ற இடத்தின் பெயரால் உலகமெங்கும் கயோலின் என்று வழங்கும் வெள்ளைக் களிமண். மற்றொன்று இடித்துப் பொடியாக்கி, நீரில் கரைத்துத் தெளியவைத்து, சிறு வெள்ளைக் கட்டிகளாக வார்த்த பாறை மாவு. களிமண் உருவைத் தாங்கி நிற்கும்; பாறை மாவு சூட்டில் உருகி அதைக் கண்ணாடிபோல் இறுக்கும். உலர்ந்த, இன்னும் சுடாத பாண்டத்தின்மேலேயே கோபால்ட் நீலத்தால் வரைந்து, அதன்மேல் மெருகு பூசி, ஏறக்குறைய 1300 டிகிரி செல்சியஸில் ஒரே முறை சுட்டார்கள். உடலும் மெருகும் ஒரே தீயில் ஒன்றாக வெந்ததால் இரண்டும் பிரிக்க முடியாதபடி கலந்து நிற்கின்றன.

சிவப்பு, பச்சை, இளஞ்சிவப்பு, தங்கம் ஆகியவை அந்தச் சூட்டைத் தாங்கா. அவற்றைச் சுட்ட மெருகின்மேல் தீட்டி, 700 முதல் 800 டிகிரி வரையிலான சிறு சூளையில் மறுபடி சுட வேண்டும். 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இந்த இரண்டாம் வேலையில் பெரும்பங்கு கான்டனுக்கு, அதாவது குவாங்சௌவுக்கு, நகர்ந்தது. வெள்ளைத் தட்டுகள் ஆற்றுப் படகில் ஏறி, போயாங் ஏரியைக் கடந்து, கான் ஆற்றில் தெற்கே வந்து, மெய்லிங் கணவாயில் சுமைகூலிகளின் தோளில் மலையேறி, வடக்காறு வழியாகக் கான்டனை அடைந்தன. ஐரோப்பியர் கொடுத்த படத்தை அங்கே தீட்டினார்கள். 1712-லும் 1722-லும் ஜிங்தெஜெனிலிருந்து விரிவான கடிதங்கள் எழுதிய பிரெஞ்சு யேசு சபைத் துறவி தாந்த்ரகோல், ஒரு பாண்டம் எழுபது பேர் கைகளைக் கடக்கிறது என்று குறித்திருக்கிறார். தட்டைக் கையில் எடுக்கும்போது அந்த எழுபது பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூடத் தட்டில் இருக்காது, கைத்தடம் இருக்கும்.

முதல் படி: அடிவளையம்

தட்டைத் துண்டின்மேல் கவிழ்த்து வையுங்கள். நடுவே ஒரு வட்ட வளையம் எழும்பி நிற்கும். அதன் உச்சியில் மெருகு இருக்காது. மெருகு இருந்தால் அது உருகி, சுடும்போது பாண்டத்தை மூடிவைத்த மண்பேழையோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் குயவர் அதைத் துடைத்தோ சீவியோ எடுத்துவிடுவார். இந்த மெருகில்லாத பட்டைதான் மண்ணை நேராகப் பார்க்கக் கிடைக்கும் ஒரே சாளரம்.

லென்ஸை வைத்துப் பாருங்கள். மண் வெண்மையாகவோ லேசான சாம்பல் வெண்மையாகவோ, நெருக்கமான நயத்தோடு இருக்க வேண்டும். மெருகு முடிந்து மண் தொடங்கும் விளிம்பில் மெல்லிய செம்மஞ்சள் கோடு ஓடும். மண்ணில் இருக்கும் சிறிதளவு இரும்பு, சூளை ஆறும்போது காற்றுப் பட்டுத் துருநிறம் கொள்வதால் வருவது அது. ஒரே அகலத்தில் ஓடாது. ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மறைந்து, வேறோரிடத்தில் புள்ளியாகச் சிதறும். போலி செய்பவர்கள் பழுப்புச் சாயத்தைத் தடவி இதை உண்டாக்கப் பார்ப்பார்கள். அப்போது நிறம் மண்ணின் நுண்குழிகளில் அழுக்காகத் தேங்கி நிற்கும். ஈரப்பஞ்சால் அழுத்தித் துடைத்தால் பஞ்சில் நிறம் ஏறும். உண்மையான இரும்புக் கோடு துடைத்துப் போகாது.

அடுத்து விரலால் வளையத்தைச் சுற்றித் தடவுங்கள். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 17-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலும் ஏற்றுமதிக்காகச் செய்த, கிராக் எனப்படும் நீல வெள்ளை வகைத் தட்டுகளில் சூளை மணல் உருகி ஒட்டிச் சொரசொரக்கும். அதே தட்டுகளின் அடிப்பரப்பில், சக்கரத்தில் கருவி துள்ளியதால் நடுவிலிருந்து விரியும் ஆரக்கால் வரிகளும் தெரியும். 18-ஆம் நூற்றாண்டில் வளையம் சுத்தமாகச் சீவப்பட்டு வழவழப்பாகிறது. நூறு, இருநூறு ஆண்டு மேஜையில் உரசிய வளையத்தின் உச்சி மங்கிய பளபளப்போடு உருண்டிருக்கும். கூர்மை மாறாத வளையமும், நாள்பட்டதுபோல் அழுக்கேறிய மண்ணும் சேர்ந்து வந்தால் சந்தேகப்படுங்கள். காலம் இரண்டையும் சேர்த்துத்தான் செய்யும்.

இந்தப் படியிலேயே சில பொருள்கள் தாமாக விலகிவிடும். அடியில் மூன்று முதல் ஐந்து வரை சிறு முள் தழும்புகள் இருந்தால் அது பெரும்பாலும் ஜப்பானின் அரிட்டா ஊர்ப் பீங்கான். சுடும்போது தட்டு தொய்யாமலிருக்க அங்கே மண் முட்டுகள் வைப்பார்கள். விளிம்பு பெயர்ந்த இடத்தில் மஞ்சளான மண்ணும் அதன்மேல் தனித் தோலாக வெள்ளைப் பூச்சும் தெரிந்தால் அது டெல்ஃப்ட் போன்ற ஐரோப்பிய மண்பாண்டம், பீங்கானே அல்ல. சீனப் பீங்கான் பெயர்ந்தால் உடைந்த முகம் சர்க்கரைப் பாகு உறைந்து உடைந்ததுபோல் வெள்ளையாக, தோல் என்று தனியே சொல்ல முடியாதபடி இருக்கும்.

இரண்டாம் படி: மெருகு

தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். வெளிச்சம் மெருகின்மேல் வழுக்கி ஓடும்போது பரப்பு ஆரஞ்சுப் பழத்தோல்போல் மிக லேசாகக் குண்டும் குழியுமாகத் தெரிந்தால் அது 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிப் பொருள்களில் வழக்கமாகக் காண்பது. மெருகின் நிறத்தில் மெல்லிய நீலச்சாயலோ பச்சைச்சாயலோ இருக்கும். அடிவளையத்தின் உட்கோணத்தில் மெருகு தேங்கிய இடத்தில் அது நன்றாகப் புலப்படும். ஊசிமுனைக் குழிகளும் ஓரிரு கரும்புள்ளிகளும் இருந்தால் கவலை வேண்டாம். கப்பல் கப்பலாக ஏற்றிய சரக்கில் அவை இயல்பு. சிறு குறைகூட இல்லாமல் பாலாடைபோல் வெள்ளையாக இருந்தால்தான் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

விளிம்பைத் தனியாகப் பாருங்கள். 17-ஆம் நூற்றாண்டுத் தட்டுகளின் விளிம்பில் மெருகு புழு அரித்ததுபோல் ஆங்காங்கே உதிர்ந்திருக்கும். ஆறும்போது உடலும் மெருகும் ஒரே அளவில் சுருங்காததே காரணம். இதைத் தடுக்கவும் மறைக்கவும் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பல தட்டுகளின் விளிம்பில் இரும்புக் கலவையால் பழுப்புக் கோடு இழுத்தார்கள். இந்த உதிர்வை மூளி என்று கழித்துவிடாதீர்கள். மோதி உடைந்த மூளிக்குக் கூரிய முனை உண்டு, உதிர்வுக்கு இல்லை.

மூன்றாம் படி: நிறம் எந்த அடுக்கில் இருக்கிறது

லென்ஸைப் படத்தின்மேல் வைக்கும்போதும் படத்தைப் பார்க்காதீர்கள், அடுக்கைப் பாருங்கள். நீலம் கண்ணாடிக்கு அடியில் ஆழ்ந்திருக்கிறதா, அதன்மேல் நுண்குமிழிகள் மிதக்கின்றனவா? அப்படியானால் அது மெருகுக்குக் கீழ் தீட்டிய கோபால்ட். தூரிகை தொட்ட இடம் அடர்ந்தும் இழுத்த இடம் வெளுத்தும் இருக்கும். நீலம் சிறு புள்ளிகளாலோ செதுக்கிய கோடுகளாலோ ஆனதாக, சீரான அடர்த்தியோடு இருந்தால் அது காகிதத்தில் அச்சிட்டுப் பாண்டத்தில் ஒட்டி மாற்றிய படம், இங்கிலாந்து வேலை. ஓரத்துப் பின்னல் கோலத்தைச் சுற்றி வாருங்கள்; ஓரிடத்தில் காகிதத்தை வெட்டி ஒட்டிய பொருத்தம் தவறி நிற்கும். பலர் வீட்டில் இருக்கும் வில்லோ மரப் படம் போட்ட நீலத்தட்டு இப்படிப்பட்டதே. சீனக் காட்சிகளைப் பார்த்து 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் உருவாக்கிய கோலம் அது.

மேல்வண்ணங்களை விரல்நுனியால் தடவினால் மேடு தட்டும். எந்த வண்ணம் இருக்கிறது என்பதே காலத்தைச் சொல்லும். பச்சை முதன்மையாக, மஞ்சள், கத்தரிப்பூ நிறம், இரும்புச் சிவப்பு ஆகியவை துணையாக இருந்தால் அது ஃபாமி வெர்த் எனும் வகை. காங்ஷி பேரரசரின் காலத்தோடு, 1662 முதல் 1722 வரை, சேர்ந்தது. அதில் மேல்நீலத்தைச் சுற்றி எண்ணெய்ப் படலம்போல் வானவில் நிழல் தெரியும். இளஞ்சிவப்பு இருந்தால் 1720-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோதான். அந்த நிறம் தங்கத்தின் மிக நுண்ணிய துகளால் வருவது. அதோடு ஒளி புகாத ஒரு வெள்ளையும் வந்தது. இரண்டும் கலந்ததால் முதல்முறையாக இதழின் ஓரத்திலிருந்து நடுவுக்கு நிறத்தைப் படிப்படியாக மாற்றித் தீட்ட முடிந்தது. ஃபாமி ரோஸ் என்பது இதுதான். மெருகுக்கடி நீலத்தோடு இரும்புச் சிவப்பும் தங்கமும் மட்டும் சேர்ந்தால் சீன இமாரி. 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜப்பானியச் சரக்குக்குப் போட்டியாகச் செய்தது. கருப்புக் கோடுகளால் அச்சுப்படம்போல் தீட்டியது 1730-களிலிருந்து பெருகியது.

தங்கத்தையும் பாருங்கள். பழைய தங்கம் தேன்நிறத்தில் அடங்கிய ஒளியோடு, விரல் படும் இடங்களில் தேய்ந்து நிழலாக நிற்கும். கண்ணாடிபோல் பளிச்சிடும் தங்கம் 19-ஆம் நூற்றாண்டின் திரவத் தங்கம்; ஒன்று பொருள் பிந்தியது, அல்லது பின்னால் யாரோ மறுபூச்சுப் பூசியது.

நல்ல நீலத்தட்டின்மேல் பிற்காலத்தில் ஐரோப்பாவில் சிவப்பும் பச்சையும் தீட்டி விலையேற்றிய பொருள்களும் உண்டு. நீலத்தின் கோலத்தை மதிக்காமல் மேல்வண்ணம் அதன்மீதே ஏறி ஓடுவதுதான் அடையாளம். உடல் உண்மையான சீனப் பீங்கான், உடை மட்டும் வேறு.

நான்காம் படி: யார் மேஜைக்கான உருவம்?

இந்தப் பொருள்களில் மனத்தை அதிகம் தொடுவது உருவம். தாம் ஒருபோதும் உட்காராத மேஜைக்கு, தாம் சுவைக்காத உணவுக்கு, தாம் பார்க்காத வழக்கத்துக்கு ஜிங்தெஜென் குயவர்கள் பாத்திரம் செய்தார்கள்.

கிராக் கிண்ணங்களில் ஒரு வகைக்கு அகன்ற தட்டையான விளிம்பு உண்டு. சூப்பைக் கிண்ணத்தை வாயில் வைத்துக் குடிக்கும் சீனருக்கு அந்த விளிம்பு தேவையில்லை. கனமான உலோகக் கரண்டியை விளிம்பில் சாய்த்து வைக்கும் ஐரோப்பியருக்கு அது வேண்டும். நாவிதர் கிண்ணம் இன்னும் தெளிவான சான்று: தட்டின் விளிம்பில் பிறைபோல் ஒரு வெட்டு, அது கழுத்தில் பொருந்துவதற்கு, ஓரமாக இரு துளைகள், கயிறு கோத்துச் சுவரில் மாட்டுவதற்கு. தலைகீழான வீரர் தொப்பிபோன்ற பால் குவளை, உள்ளே பாதி நிரம்பிய சூட்டுநீரால் உணவைச் சூடாக வைக்கும் இரட்டைத் தட்டு, காட்டுப்பன்றித் தலை வடிவ சூப்புப் பாண்டம் எல்லாம் ஐரோப்பிய வெள்ளி, ஈய, மண் பாத்திரங்களின் நகல்கள். 1635-லேயே தைவானில் இருந்த டச்சுக்காரர்கள் மரத்தில் கடைந்த மாதிரிகளைச் சீன வணிகரிடம் கொடுத்து, இதேபோல் வேண்டும் என்று கேட்டார்கள்.

அளவை எழுதுங்கள். 18-ஆம் நூற்றாண்டுச் சாப்பாட்டுத் தட்டு பெரும்பாலும் 22 முதல் 24 சென்டிமீட்டர். தேநீர்க் கிண்ணம் 7 முதல் 8 சென்டிமீட்டர், கைப்பிடி இராது. காப்பிக் கோப்பைக்குத்தான் கைப்பிடி. விட்டத்தை மூன்று திசையில் அளந்தால் சில மில்லிமீட்டர் வேறுபடும். வேறுபடவே இல்லை என்றால் அது இயந்திர வார்ப்பாக இருக்கக்கூடும். கைப்பிடி ஒன்றோடொன்று பின்னிய இரு பட்டைகளாய், ஒட்டும் இடத்தில் இலையும் பூவுமாக இருந்தால் 1770-க்கும் 1820-க்கும் இடைப்பட்ட காலத்தை நினையுங்கள்.

ஐந்தாம் படி: இப்போது படம்

இவ்வளவும் பார்த்த பிறகு தட்டை நிமிர்த்துங்கள். படம் நான்கு வகைகளில் ஒன்றாக இருக்கும்: சீனக் காட்சி, ஐரோப்பிய அச்சுப்படத்தின் நகல், குடும்பச் சின்னம், ஐரோப்பியர் வரைந்து அனுப்பிய சீனக் கற்பனை. கடைசி வகைக்குப் பெயர்பெற்ற சான்று, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1734-இல் ஒப்பந்தம் செய்த ஓவியர் கோர்னேலிஸ் ப்ரோங்கின் குடை பிடித்த பெண். படம் 1736-இல் கான்டனுக்குப் போயிற்று. நுணுக்கம் மிகுந்ததால் செலவு கட்டுப்படியாகாமல் 1740-க்குள் அந்த முயற்சியே நின்றது. அதனால் மலிவாக, ஏராளமாகக் கிடைக்கும் குடைப்பெண் தட்டு அந்த முதல் தொகுதியைச் சேர்ந்ததாக இருக்க வழியில்லை.

ஐரோப்பிய முகங்களை லென்ஸில் பாருங்கள். கான்டன் ஓவியர் அச்சுப்படத்தின் நிழற்கோட்டைக்கூட ஒவ்வொன்றாகப் பின்பற்றுவார். ஆனால் கண்ணிமையும் மூக்கும் அவர் கை பழகிய வழியில்தான் வரும். அந்தக் கலப்பே உண்மைக்குச் சாட்சி. பாரிஸ் நகலில் முகம் சரியான ஐரோப்பிய முகமாக இருக்கும்.

குடும்பச் சின்னம் உள்ளவை தனி உலகம். லண்டனில் ஒரு குடும்பம் தன் சின்னத்தைக் காகிதத்தில் வரைந்து கப்பல் அதிகாரியிடம் கொடுக்கும். கப்பல் பருவக்காற்றைப் பிடித்து ஜூலை முதல் செப்டம்பருக்குள் கான்டன் சேரும். குளிர்கால வடகிழக்குக் காற்றில் திரும்பும். தட்டு வீடு வந்து சேர இரண்டு, மூன்று ஆண்டாகும். இவ்வளவு தூரத்தில் பிழை வராமல் இருக்குமா? நீலம், சிவப்பு என்று மாதிரியில் எழுதிவைத்த சொற்களை, படத்தின் பகுதி என்று எண்ணி அப்படியே தட்டில் தீட்டிய துண்டுகள் இருக்கின்றன. இன்னொரு பிழை நுட்பமானது. ஐரோப்பியச் சின்ன மரபில், வண்ணமில்லாத அச்சில் புள்ளி என்றால் தங்கம், நெடுங்கோடு என்றால் சிவப்பு, கிடைக்கோடு என்றால் நீலம். இந்தக் குறிப்பு ஓவியருக்குத் தெரியாது. கோட்டைக் கோடாகவே கருப்பில் தீட்டினார். சின்னத்தில் வண்ணமில்லாமல் கோடு மட்டும் இருந்தால் யாரோ தம் புத்தகத்தில் ஒட்டும் பெயர்ச்சீட்டை மாதிரியாக அனுப்பியிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். இத்தகைய பிழைகள் பொருளைக் குறைப்பதில்லை. இரு முனைகளிலும் ஒருவரையொருவர் பார்க்காமலே வேலை செய்த மனிதர்களை இவ்வளவு அருகில் காட்டும் தடயம் வேறில்லை.

கான்டன் ஆற்றங்கரையின் ஐரோப்பியக் கிடங்குகளைச் சுற்றிலும் தீட்டிய பெரிய கிண்ணம் கிடைத்தால் கொடிகளை எண்ணுங்கள். அமெரிக்கக் கொடி இருந்தால் முதல் அமெரிக்கக் கப்பல் அங்கே வந்த 1784-க்குப் பிந்தியது. பிரெஞ்சு மூவண்ணக் கொடி இருந்தால் புரட்சிக்குப் பிந்தியது.

ஆறாம் படி: முத்திரை

பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். 18-ஆம் நூற்றாண்டு ஏற்றுமதிச் சரக்கில் பெரும்பாலானவற்றில் முத்திரையே இராது. முத்திரை இல்லாதது குறையல்ல. ஆறு எழுத்தில் பேரரசர் பெயர் பளிச்சென்று இருப்பதுதான் விசாரிக்க வேண்டியது. 1677-இல் ஜிங்தெஜென் அதிகாரி பேரரசர் பெயரைப் பாண்டத்தில் எழுதுவதைத் தடுத்ததால், காங்ஷி காலத் துண்டுகள் பலவற்றில் பெயருக்குப் பதில் இரட்டை நீலவளையமோ இலைச்சின்னமோ இருக்கும். பழைய பேரரசர் பெயரை மரியாதைக்காகப் பின்னால் வந்தவர்கள் எழுதியதும் உண்டு. ஆங்கில எழுத்தில் சைனா என்று மட்டும் இருந்தால், அமெரிக்காவின் 1890 சுங்கச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1891-க்குப் பிந்திய பொருள். மேட் இன் சைனா என்று முழுதாக இருந்தால் 20-ஆம் நூற்றாண்டு.

நகல்களில் கவனமாகச் செய்தவை பாரிஸில் 1845-இல் தொடங்கிய சாம்சன் நிறுவனத்துடையவை. அவற்றின் மெருகு கண்ணாடித்தனமாக, சாம்பல் கலந்து இருக்கும். மேல்வண்ணம் மெலிந்து தட்டையாகக் கிடக்கும். அடிவளையத்தில் இரும்புக் கோடு இராது. ஹங்கேரியின் ஹெரென்ட் பீங்கான் ஆலையும் சீனக் கோலங்களை நகலெடுத்தது. டார்ச்சைத் தட்டின் பின்னால் பிடித்து ஒளி ஊடுருவுவதையும் பாருங்கள்: வூஸ்டர் போன்ற ஆங்கிலப் பீங்கானில் பச்சையான ஒளி வரும், சீனத்தில் வெள்ளையோ மெல்லிய நீலமோ சாம்பலோ.

ஏழாம் படி: முழுதா, ஒட்டியதா

சந்தையில் மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குவதுபோல்தான். தட்டை ஐந்து விரல் நுனியிலும் அடிவளையத்தின்கீழ் ஏந்தி, மறுகை நகத்தால் விளிம்பை மெதுவாகச் சுண்டுங்கள். கணீரென்று நீண்டால் நல்லது. கட்டையாக நின்றால் எங்கோ விரிசலோ ஒட்டோ இருக்கிறது. கைப்பிடி உள்ளவற்றை, ஒட்டு இருப்பதாகத் தெரிந்தவற்றைச் சுண்டவே கூடாது. தடித்த பெரிய தட்டுகள் முழுதாக இருந்தும் மந்தமாக ஒலிக்கும். எனவே ஒலியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

அறையை இருட்டாக்கி எல்இடி டார்ச்சைப் பின்னால் நகர்த்திக்கொண்டே வாருங்கள். முடிபோன்ற விரிசல் கருங்கோடாகத் தெரியும். பிறகு புற ஊதா டார்ச். அதன் ஒளியைக் கண்ணால் நேராகப் பார்க்காதீர்கள். பீங்கான் கருநீல ஊதாவாக அடங்கி இருக்க, பழைய பசையும் மறுபூச்சும் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒளிரும். இப்போது சில மறுபூச்சுகள் ஒளிராதபடியே செய்யப்படுகின்றன. அதற்கு விரல்தான் துணை: மெருகு குளிர்ந்து கடினமாக இருக்கும், பூச்சு கொஞ்சம் வெதுவெதுப்பாக, மெத்தென்று தோன்றும். உதட்டில் தொட்டுப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவு.

தேய்மானத்தையும் படியுங்கள். கத்தியும் முள்கரண்டியும் இருநூறு ஆண்டு விளையாடிய தட்டின் நடுவில் கீறல்கள் எல்லாத் திசையிலும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கியதில் அவை ஒரே திசையில் ஓடும். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதால், மேல்தட்டின் அடிவளையம் கீழ்த்தட்டின் முகத்தில் மங்கிய வட்டத்தைப் பதித்திருக்கும். அந்த வட்டத்தின் விட்டத்தை அளந்து அடிவளையத்தோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் இந்தத் தட்டு தன் இனத்தோடு வெகுநாள் வாழ்ந்திருக்கிறது.

பின்புறம் உலோகத் தையல்கள் இருக்கலாம். பசை கைகொடுக்காத காலத்தில் பீங்கானில் பாதி ஆழம் துளையிட்டுப் பித்தளைக் கம்பியால் தைத்தார்கள். அதைப் பிடுங்க வேண்டாம். உடைந்த பின்னும் யாரோ அதைக் கைவிடவில்லை என்பதற்கான சாட்சி அது.

கடலிலிருந்து வந்தவை

பீங்கான் தண்ணீருக்கு அஞ்சாததால் கப்பலின் அடித்தளத்தில் பாரமாக அடுக்கி, அதன்மேல் தேயிலைப் பெட்டிகளை ஏற்றினார்கள். 1752 ஜனவரியில் தென்சீனக் கடலில் மூழ்கிய டச்சுக் கப்பல் கெல்டர்மால்சனில், தேயிலையே படுக்கையாகி ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகளைக் காத்தது. 1985-இல் மீட்டு, 1986-இல் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விட்டார்கள். நமக்கு இன்னும் நெருக்கமானது டயானா. 1817 மார்ச்சில் மலாக்கா அருகே மூழ்கிய அந்தக் கப்பல் கான்டனிலிருந்து போய்க்கொண்டிருந்தது சென்னைப்பட்டினத்துக்கு. அதன் நீல வெள்ளைத் தட்டுகள் 1995-இல் ஏலத்துக்கு வந்தன. சென்னைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டிய தட்டுகள் அவை.

இவற்றில் மெருகு மங்கி, மேல்வண்ணம் கரைந்து, மணல் அரித்திருக்கும். அடியில் உள்ள ஏலச்சீட்டை ஒருபோதும் உரிக்காதீர்கள். பொருளின் வரலாற்றுக்கு இருக்கும் ஆதாரம் அதுதான். மேற்பரப்பில் வெள்ளை உப்பு பூத்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, சில நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். சீட்டு இருக்கும் துண்டை ஊறவைக்காமல் பீங்கான் பராமரிப்பாளரிடம் கொடுங்கள்.

கழுவுவதும் வைப்பதும்

பிளாஸ்டிக் தொட்டியில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான நீரில் ஒருசொட்டு மிதமான சோப்பு விட்டு, ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரம் வேண்டாம். தங்கமும் மேல்வண்ணமும் போய்விடும். விரிசலில் ஏறிய கறைக்கு வெளுப்புத் திரவம் ஊற்றுவது பெருந்தவறு. குளோரின் உள்ளேயே தங்கி மெருகை மெல்லக் கிளப்பும். ஒட்டியவற்றை நீரில் முக்காமல் ஈரப்பஞ்சால் துடையுங்கள்.

மேல்வண்ணங்களில் ஈயம் இருக்கிறது. புளிக்குழம்பு, ரசம், எலுமிச்சை ஊறுகாய் என்று நம் சாப்பாட்டில் புளிப்பு அதிகம். புளிப்பு ஈயத்தைக் கரைக்கும். இந்தத் தட்டில் சாப்பிட வேண்டாம்.

சுவரில் மாட்டும் ஸ்பிரிங் கொக்கி விளிம்பைக் கடித்துக்கொண்டே இருக்கும். ஒரு வெயில்காலத்தில் விரிசலை நீட்டிவிடும். தட்டுத் தாங்கியே நல்லது. அடுக்கினால் ஐந்துக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் நடுவே மெத்தென்ற துணி.

இந்தியாவில் வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலை, வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. தட்டு பிற்கால நகல்தான் என்றாலும், பெட்டியில் வைக்கும் முன் இந்தியத் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்ற சான்றைப் பெறுங்கள்.

பதிவு

ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அட்டை. விட்டம் மூன்று திசையில், உயரம், அடிவளையத்தின் விட்டம், இரும்புக் கோடு உண்டா, விளிம்பின் நிலை, நீலம் எந்த அடுக்கு, என்னென்ன மேல்வண்ணம், புற ஊதாவில் கண்டவை, யாரிடம் எப்போது வாங்கியது. படம் எடுக்கும்போது முதலில் அடிப்புறம், பிறகு அடிவளையம் நெருக்கமாக, பக்கத்தோற்றம், கடைசியில் முகப்பு. எல்லாவற்றிலும் அளவுகோல் தெரிய வேண்டும். எண்ணைத் தட்டில் எழுதுவதானால் மெருகுள்ள அடிப்பரப்பில், நீக்கக்கூடிய அரக்குப் பூச்சு ஒன்றைத் தடவி உலர்த்தி, அதன்மேல் எழுதுங்கள். மெருகில்லாத வளையத்தில் மை பட்டால் மண் உறிஞ்சிக்கொள்ளும், பிறகு எடுக்க வராது. ஒட்டும் நாடாவைத் தங்கத்தின்மேல் படவிடாதீர்கள்.